தைத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி: தென்னாப்பிரிக்காவில் தையல் பரிசு மாற்றிக்கொள்ள ஒரு வழிகாட்டி

தையல் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு பொருளைக் கையால் தைத்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதை இங்கே எல்லோரும் 'ஸ்வாப்' என்கிறார்கள். இதில் விற்பனையும் கிடையாது, போட்டியும் கிடையாது. தீபாவளிக்கு இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் எந்த மதமாக இருந்தாலும் பலகாரத் தட்டு போகும். தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஸ்வாப்பின் கணக்கும் அதே மாதிரிதான், விலைக்கு விலை பார்ப்பதில்லை.

டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல வீடுகளில் அம்மாவோ ஆயாவோ டர்பன் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் மெஷின் ஓட்டும் மெஷினிஸ்டாக இருந்தவர்கள். கை வேகத்துக்கும் சுத்தத்துக்கும் அவர்களிடம் குறைவே இல்லை. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தைத்து அனுப்பு என்றால் தயங்குவார்கள். புதிதாக வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்திருக்கும் தமிழ்க் குடும்பப் பெண்களுக்கும் அதே தயக்கம்தான். இரு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பொருள் சின்னதாக இருக்கட்டும், முடிப்பு சுத்தமாக இருக்கட்டும், சொன்ன தேதிக்குப் போய்ச் சேரட்டும். பெரிய குயில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) ஒன்றை ஆரம்பித்து மூன்று மாதம் இழுத்தடிப்பவரைவிட, உள்ளங்கை அளவு சுருக்குப் பையைச் சொன்ன நாளுக்கு அனுப்புபவரைத்தான் அடுத்த முறையும் கூப்பிடுவார்கள்.

யாரோடு தொடங்குவது

ஸ்வாப் மூன்று விதமாக நடக்கும். இருவர் நேருக்கு நேர் மாற்றிக்கொள்வது ஒன்று. ரகசியமாக ஆள் குறித்துக் கொடுப்பது இன்னொன்று: நீங்கள் ஒருவருக்குத் தைப்பீர்கள், உங்களுக்கு வேறு யாரோ தைப்பார்கள், பொதியைப் பிரிக்கும்வரை யார் என்று தெரியாது. மூன்றாவது, எல்லோரும் நடத்துபவரிடம் கொண்டுபோய்க் குவித்து, அவர் கலைத்துப் பிரித்துத் தருவது.

ரகசிய ஸ்வாப்பில்தான் சுவாரசியம் அதிகம். ஆனால் அது சங்கிலி மாதிரி போவதால், நடுவில் ஒருவர் கைவிட்டால் யாரோ ஒருவருக்கு ஒன்றுமே வராது, அதை யார் சரிசெய்வது என்ற குழப்பமும் வரும். முதல் முறைக்கு நேர் மாற்றமே போதும். அதுவும் ஒரே ஊருக்குள், கைக்குக் கை. கோயில் மகளிர் குழு, தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விடவரும் அம்மாக்கள், தெருவிலேயே மெஷின் சத்தம் கேட்கும் வீடு என்று தேடினால் நாலு பேர் கிடைப்பார்கள். ஒட்டுத்துணி வேலையில் ஆர்வம் இருந்தால் தென்னாப்பிரிக்கக் குயில்ட்டர்ஸ் கில்ட் என்ற சங்கத்தோடு சேர்ந்த குழுக்கள் பல ஊர்களில் இருக்கின்றன. அங்கே ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம், ஜூலு பேசும் பெண்கள் எல்லாம் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு தடுமாறினாலும் தையல் பேசிக்கொள்ளும், பயப்பட வேண்டாம்.

முதலில் பேசி முடிக்க வேண்டியவை

என்ன பொருள், எவ்வளவு பெரியது, துணி நூலுக்கு அதிகபட்சம் எத்தனை ராண்ட், எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும், அனுப்பும் செலவு யாருடையது என்பதையெல்லாம் வாட்ஸாப்பில் எழுத்தாகப் போட்டுக்கொள்ளுங்கள். வாயால் பேசியது ஆளுக்கு ஒரு மாதிரி நினைவில் நிற்கும். தேதி குறிக்கும்போது 'வந்து சேரும் நாள்' என்று போடாமல் 'அனுப்பும் நாள்' என்று போடுவது நல்லது. அனுப்புவது உங்கள் கையில் இருக்கிறது, வந்து சேர்வது கூரியர்காரர் கையில்.

மனத்தாங்கல் பெரும்பாலும் கூடவே வைக்கும் சில்லறைச் சாமான்களால் வரும். ஒருவர் பொதிக்குள் நூல்கண்டு, பட்டன், சாக்லேட், ரிப்பன் என்று அள்ளி வைத்திருப்பார். மற்றவர் பேசியபடி ஒரே ஒரு பையை மட்டும் அனுப்பியிருப்பார். இருவர் மேலும் தப்பில்லை, ஆனாலும் இருவருக்கும் சங்கடம். 'தைத்த பொருள் ஒன்று, கூடச் சின்னதாக இரண்டு, அதற்குமேல் வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் தீர்ந்தது.

தேதிக்கு இந்த நாட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. நவம்பர் இறுதியில் பிளாக் ஃப்ரைடே என்ற தள்ளுபடி விற்பனை வெள்ளிக்கிழமை தொடங்கிக் கூரியர் கடைகளில் நெரிசல். டிசம்பர் 16 விடுமுறைக்குப் பிறகு பாதி ஊர் பூட்டிக் கிடக்கும், ஜனவரி முதல் வாரம்வரை எதுவும் நகராது. அந்த நாட்களில் ஸ்வாப் வைக்காதீர்கள். புரட்டாசியில் நம் வீடுகளில் விரதமும் சனிக்கிழமைப் பூஜையும் இருப்பதால் சிலருக்கு நேரமே கிடைக்காது, சிலர் அந்த மாதத்தில்தான் நிறையத் தைப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 9 மகளிர் தினமும் செப்டம்பர் 24 பாரம்பரிய தினமும் ஸ்வாப்புக்குத் தோதான நாட்கள், பாரம்பரிய தினத்துக்கென்றால் துணி என்ன என்று யோசிக்கவே வேண்டாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவரைத் தெரிந்துகொள்வது

நன்றாக நடக்கும் ஸ்வாப்பில் ஒரு சின்னக் கேள்வித்தாள் இருக்கும். இல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். பிடித்த நிறத்தைவிடப் பிடிக்காத நிறம் முக்கியம். 'நீலம் பிடிக்கும்' என்பதில் நூறு நீலம் இருக்கிறது, 'ஆரஞ்சு வேண்டவே வேண்டாம்' என்பதில் குழப்பமே இல்லை.

இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன. வீட்டில் யாருக்காவது நாய், பூனை முடி ஒத்துக்கொள்ளாதா? உங்கள் வீட்டில் பூனை தையல் மேசையில் தூங்கும் என்றால் அதை நீங்களும் சொல்ல வேண்டும். வலது கையா, இடது கையா? இடது கைக்காரருக்கு ஊசிப் புத்தகம் (ஊசிகளைக் குத்தி வைக்கும் சின்னத் துணிப் புத்தகம்) எதிர்ப்பக்கம் திறந்தால்தான் வசதி. கண்பார்வை எப்படி? வயதானவர் என்றால் பெரிய காது உள்ள ஊசியாகப் பார்த்து வைக்கலாம். கையால் தைப்பவரா, மெஷினிலா, எம்பிராய்டரியா?

நம்பிக்கை சார்ந்த கேள்விகளையும் தயங்காமல் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இந்து வீடுகளில் பலர் மாட்டுத்தோல் கைப்பிடி வைத்த பையைப் பூஜையறைப் பக்கமே கொண்டுபோக மாட்டார்கள். முஸ்லிம் தோழிக்குப் பன்றித்தோல் கூடாது, தொழுகை விரிப்புக்கு உறை தைத்தால் அதில் உருவப் படங்கள் வேண்டாம். பிள்ளையார் அச்சிட்ட துணி கடையில் அழகாகத்தான் இருக்கும். அதைச் சுருக்குப் பையாகத் தைக்கலாம், கால்மிதியாகவோ உட்காரும் மெத்தை உறையாகவோ தைத்து ஒரு தமிழ் அக்காவுக்கு அனுப்பினால் அவர் என்ன செய்வார், பாவம்!

'எனக்கு எதுவானாலும் சரி' என்று பதில் வரும். அதிகம் வரும் பதிலும் அதுதான், உதவாத பதிலும் அதுதான். அப்போது மூன்று கேட்டுப் பாருங்கள்: கடைசியாகத் தைத்ததன் படம் அனுப்ப முடியுமா, வீட்டுத் திரைச்சீலை என்ன நிறம், தைக்கும்போது எதை அடிக்கடித் தொலைக்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் நீங்கள் தைக்க வேண்டிய பொருள். கத்தரியைத் தொலைப்பவருக்குக் கழுத்தில் மாட்டும் கத்தரி உறை, குண்டூசியைத் தொலைப்பவருக்கு மணிக்கட்டில் கட்டும் ஊசி மெத்தை.

உடுத்தும் பொருளை முதல் ஸ்வாப்பில் தொடவே தொடாதீர்கள். அளவு தப்பினால் இருவருக்கும் வருத்தம்.

துணி: ஷ்வேஷ்வே

தென்னாப்பிரிக்காவிலிருந்து அனுப்பும் பரிசுக்கு ஷ்வேஷ்வேயைவிடப் பொருத்தமான துணி எனக்குத் தெரியவில்லை. அடர் நீலம், சாக்லேட் பழுப்பு, சிவப்புப் பின்னணியில் நுணுக்கமான வெள்ளைக் கோலங்கள். சாயமேற்றிய பருத்தியில், செதுக்கிய செப்பு உருளைகள் வழியாக அமிலக் கரைசல் படும் இடத்தில் சாயம் நீங்கி வெள்ளையாகும். அதனால்தான் கோலம் அவ்வளவு கூர்மையாக இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த இந்தத் துணியை 1982 முதல் ஈஸ்டர்ன் கேப்பில் ஸ்வெலிட்ஷாவில் உள்ள டா காமா டெக்ஸ்டைல்ஸ் இங்கேயே தயாரிக்கிறது. 'த்ரீ கேட்ஸ்' என்ற அவர்கள் முத்திரை துணியின் பின்பக்கம் அச்சாகியிருக்கும். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள், போலியும் நிறைய உலவுகிறது.

டர்பனில் பழைய கிரே தெரு, இன்றைய டாக்டர் யூசுஃப் தாதூ தெருவைச் சுற்றியுள்ள துணிக்கடைகள் நல்ல இடம். ஜோகன்னஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியண்டல் பிளாசா. நிறவெறி ஆட்சியில் பேஜ்வியூ பகுதியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட இந்திய வியாபாரிகளுக்காக 1970-களில் எழுந்த சந்தை அது. துணி, பட்டன், லேஸ் எல்லாம் ஒரே சுற்றில் வாங்கிவிடலாம். பேரம் பேசலாம், பேச வேண்டும்.

இந்தத் துணியில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. ஒன்று, அகலம். வழக்கமான குயில்ட் துணி 110 சென்டிமீட்டர், ஷ்வேஷ்வே 90 தான். அரை மீட்டர் வாங்கிக் குறுக்கே பாதியாக வெட்டும் 'ஃபேட் குவார்ட்டர்' இதில் 50-க்கு 55 வராது, 50-க்கு 45 தான் வரும். துணித்துண்டு மாற்றும் ஸ்வாப் என்றால் எதிர்ப்பக்கம் இருப்பவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், குறைத்து அனுப்பினீர்கள் என்று நினைத்துவிடப் போகிறார். இரண்டு, கஞ்சி. புதுத்துணி அட்டை மாதிரி விறைப்பாக, நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அலசினால் மெத்தென்று ஆகிவிடும், சுருங்கவும் செய்யும். ஆகவே தைப்பதற்கு முன் தனியாகக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து அலசி, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிடுங்கள். மூன்று, சாயம். ஈர வெள்ளைக் கைக்குட்டையால் நீலத்தைத் தேய்த்துப் பாருங்கள். நீலம் ஒட்டினால் இன்னும் இரண்டு அலசு. வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து அனுப்பிய பிறகு சாயம் இறங்கினால் யாராலும் காப்பாற்ற முடியாது.

அலசாத ஷ்வேஷ்வேயைச் சேர்த்து வைக்கும்போது ராமபாணப் பூச்சியைப் பார்த்துக்கொள்ளுங்கள், கஞ்சி என்றால் அதற்கு உயிர். நாஃப்தலீன் உருண்டை மட்டும் வேண்டாம், அந்த வாசம் பரிசோடு கூடவே போகும். தாளிக்கிற வாசமும் அப்படித்தான். சமையலறைக் கதவுப் பக்கம் தைத்ததைத் தொங்கவிடாதீர்கள்.

பழைய புடவையும் நல்ல துணிதான், ஆனால் மடிப்பு விழுந்த இடத்தில் இற்றிருக்கும். இரு கையால் இழுத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

முதல் பரிசுக்கு ஓர் ஊசிப் புத்தகம்

முதல் ஸ்வாப்புக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரு மாலை போதும், தைக்கும் யாருக்கும் பயன்படும், பொதி கனக்காது.

மேல்துணி ஒன்று, உள்துணி ஒன்று, மெல்லிய பஞ்சு அடை (தட்டையான பஞ்சு விரிப்பு) ஒன்று, மூன்றும் 12-க்கு 22 சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். உள் பக்கங்களுக்கு ஃபெல்ட் (நெய்யாமல் இழைகளை அமுக்கிச் செய்த) துணி 9-க்கு 18 சென்டிமீட்டரில் இரண்டு. கம்பளி ஃபெல்ட் கிடைத்தால் அதுவே மேல். இல்லையென்றால் பழைய கம்பளி ஸ்வெட்டரைச் சுடுநீரில் துவைத்துச் சுருக்கிக்கொள்ளலாம். வீட்டில் பசூத்தோ மக்கள் போர்த்திக்கொள்ளும் கம்பளிப் போர்வை இருக்கிறதே என்று அதில் கத்தரியை வைத்துவிடாதீர்கள், அதன் விலை தெரிந்தவர்கள் பேசமாட்டார்கள் உங்களோடு.

பஞ்சு அடையைக் கீழே விரித்து, அதன்மேல் மேல்துணியை நல்ல பக்கம் உங்களைப் பார்க்க வையுங்கள். இடது ஓரத்தின் நடுவில் 8 சென்டிமீட்டர் மெல்லிய எலாஸ்டிக்கை இரண்டாக மடித்து, வளைவு உள்ளே பார்க்கும்படி குண்டூசி குத்துங்கள். இடது கைக்காரருக்கு என்றால் வலது ஓரம். அதன்மேல் உள்துணி, நல்ல பக்கம் கீழே. சுற்றிலும் 6 மில்லிமீட்டர் உள்ளே தையல் போடுங்கள். கீழ் ஓரத்தில் 6 சென்டிமீட்டர் மட்டும் தைக்காமல் விடுங்கள், அது நடுவில் வேண்டாம், மடிப்பு விழும் இடம் அது.

மூலைகளைக் குறுக்கே வெட்டி, அந்தத் திறப்பு வழியாகப் புரட்டி, மழுங்கிய பென்சிலால் மூலையைத் தள்ளி இஸ்திரி போடுங்கள். கத்தரி முனையால் தள்ளினால் ஓட்டை விழும். திறப்பை மறைதையலால் மூடுங்கள். பிறகு இரண்டு ஃபெல்ட்டையும் அடுக்கி, உள்துணி நடுவில் வைத்து, மடிப்புக் கோட்டில் மேலிருந்து கீழே ஒரு நேர்த்தையல். அடுக்கு தடிமனாக இருக்கும் என்பதால் மெஷினில் 90/14 அளவு ஊசி போட்டு, தையல் நீளம் 3 மில்லிமீட்டர் வையுங்கள். முன் அட்டை ஓரத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே ஒரு பட்டன், எலாஸ்டிக் வந்து மாட்டிக்கொள்ளும். ஜூலு மணிவேலை தெரிந்த தோழி பக்கத்தில் இருந்தால், பட்டனைச் சுற்றி நாலு மணி கோத்துத் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு அங்குலத்தில் புத்தகத்தின் அழகே மாறிவிடும்.

உள்ளே சில ஊசிகளையும் குத்தி வையுங்கள். கைத்தையல் ஊசி மூன்று நான்கு, 80/12 மெஷின் ஊசி ஒன்று. டர்பன் கோடை ஈரத்தில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும், புது ஊசியாகவே வையுங்கள். ஊசியோ கத்தரியோ பரிசாகக் கொடுத்தால் உறவு வெட்டுப்படும் என்று இந்த ஊரில் எல்லாச் சமூகத்திலும் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நம்மில் பொழுது சாய்ந்தபின் ஊசி கொடுக்காதவர்களும் இருக்கிறார்கள். கூடவே ஒரு பத்து சென்ட் காசை ஒட்டி அனுப்பினால், வாங்குபவர் அதைத் திருப்பிக் கொடுத்து 'விலைக்கு வாங்கியதாக' ஆக்கிக்கொள்வார். நம்பிக்கை இல்லாதவருக்கும் அது ஒரு சிரிப்புக்கு ஆச்சு.

அனுப்புவதற்கு முன்

பிசிறு நூல்களை வெட்டுங்கள், பின்பக்கத்தையும் பாருங்கள். தையல்காரிகள் பொருளைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள்! சாக்பீஸ் கோடு, பென்சில் கோடு எதுவும் தெரியக்கூடாது. ஒட்டிய நாய்முடியை செல்லோடேப்பால் எடுத்துவிடலாம். ஒரு சின்னச் சீட்டில் துணி என்ன, அலசியாயிற்றா, எப்படித் துவைப்பது என்று எழுதி வையுங்கள். பெயரும் ஆண்டும் உள்ளே எங்காவது ஓடுதையலில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

பொதியைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஒட்டிவிட்டு மேலே காகிதம் சுற்றுங்கள். அனுப்புவதற்கு பெப் கடைகளின் பாக்ஸி பை தையல் பரிசுக்குக் கச்சிதம். ஒரு பெப் கடையில் கொடுத்தால், அவர் தன் வீட்டருகே உள்ள பெப் கடையில் போய் எடுத்துக்கொள்வார், வீட்டு விலாசம் கொடுக்கத் தயங்குபவர்களுக்கும் நிம்மதி. போஸ்ட்நெட் கூரியர் கடையில் கிளைக்குக் கிளை அனுப்புவதும், பொதியைப் பெட்டியில் வைத்து எடுக்கும் பூடோ லாக்கரும் உண்டு. தபால் நிலையம்தான் வசதி என்றால், அவர் பகுதிக் கிளை இன்னும் திறந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2023-இல் தபால் நிறுவனம் நிதி நெருக்கடியால் மீட்பு நடவடிக்கைக்குள் போன பிறகு பல கிளைகள் மூடப்பட்டுவிட்டன. கண்காணிப்பு எண் உள்ள சேவையாகவே எடுங்கள், ரசீதைப் படம் பிடித்து அனுப்பிவிடுங்கள்.

மொரீஷியஸுக்கோ தமிழ்நாட்டுக்கோ தபாலில் அனுப்பினால் சிஎன்22 சுங்கச் சீட்டு ஒட்ட வேண்டும். 'பரிசு' என்று மட்டும் எழுதாமல் 'கையால் தைத்த பருத்தி ஊசி உறை' என்று பொருளை எழுதி, உண்மையான மதிப்பையும் போடுங்கள். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அரிசி, விதை, காய்ந்த பூ, மரத்தூள் அடைத்த ஊசி மெத்தை வேண்டாம், அங்கே உயிரிப் பாதுகாப்புச் சோதனை கடுமை. பாலியெஸ்டர் பஞ்சு அடைத்தால் கேள்வி வராது. அரிசி இங்கேயே கூட வண்டு பிடிக்கும்.

வந்த பிறகு

பொதி கைக்கு வந்த அன்றே ஒரு வரி போடுங்கள். பிரித்து ரசித்துப் படம் எடுத்து விளக்கமாக எழுதுவது அடுத்த நாள் ஆகட்டும். 'அக்கா, பொதி வந்துவிட்டது. இன்னும் பிரிக்கவில்லை, ராத்திரி பிரிக்கிறேன்' என்றால் போதும், அந்தப் பக்கம் ஒருவர் பத்து நாளாகக் கண்காணிப்பு எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். நன்றி சொல்லும்போது பொதுவாக 'ரொம்ப அழகு' என்பதைவிட, எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள். 'மூலை இவ்வளவு கூராக எப்படி வந்தது?' என்று ஒருவர் கேட்டால் தைத்தவருக்கு அதைவிடப் பரிசு இல்லை.

வந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லையா? அது நடக்கும். நன்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குழுவில் குறை பேசாதீர்கள். தையல் பிரிந்திருந்தால் நீங்களே சரிசெய்துகொள்வது மேல். அடுத்த ஆளுக்கு அதையே பரிசாகக் கொடுப்பது மட்டும் வேண்டாம், டர்பன் சின்ன ஊர், சுற்றிச் சுற்றி அவரிடமே போய்ச் சேரும்.

வரவே இல்லையென்றால்? முதலில் அவரிடம் தனியாகக் கேளுங்கள்: 'எப்போது அனுப்பினீர்கள், கண்காணிப்பு எண் இருக்கிறதா?' உடம்பு சரியில்லாமலோ வீட்டில் துக்கமோ இருக்கலாம். மெஷின் ரிப்பேராகியும் இருக்கலாம். அனுப்பும் தேதி கடந்து மூன்று வாரம் பதிலே இல்லையென்றால் நடத்துபவரிடம் சொல்லுங்கள், அதற்குமுன் குழுவில் பெயரைப் போடாதீர்கள். நீங்கள்தான் தாமதிக்கிறீர்கள் என்றால் தேதிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். 'இரண்டு வாரம் தள்ளிப் போகும்' என்ற செய்திக்கு யாரும் கோபப்பட்டதில்லை, மௌனத்துக்குத்தான் கோபப்படுவார்கள்.

நாளைக்கு நீங்களே ஒரு ஸ்வாப் நடத்தப் போனால், சேருபவர்களில் இரண்டு பேரை முன்கூட்டியே கூடுதலாக ஒரு பொருள் தைத்து வைக்கச் சொல்லுங்கள். யாருக்காவது பொதி வராமல் போனால் அது அவருக்குப் போகும். எல்லோருக்கும் ஒழுங்காக வந்துவிட்டால், அந்த இரண்டும் அடுத்த ஸ்வாப்பில் முதன்முறையாகச் சேரும் இருவருக்கு, எப்படி முடித்திருக்கிறார்கள் என்று கையில் எடுத்துப் பார்க்க மாதிரியாக உதவும்.